யார் கையிலிருந்து வந்த காகிதம்?

இல்லாத 5,040 கோடி ரூபாய், இருப்பதாகச் சொன்ன கையெழுத்து... ஆடிட்டரை எதை வைத்து நம்புவது?

2009 ஜனவரி 7, புதன்கிழமை. பங்குச் சந்தை திறந்து கொஞ்ச நேரத்தில் ஹைதராபாத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு. தன் இயக்குநர் குழுவுக்கு எழுதி, பங்குச் சந்தைகளுக்கும், அவற்றைக் கண்காணிக்கும் செபிக்கும் நகல் அனுப்பியிருந்தார்.

ரொக்கமாகவும் வங்கி இருப்பாகவும் கணக்கில் 5,361 கோடி ரூபாய் இருக்கிறது. அதில் 5,040 கோடி உண்மையில் இல்லை என்றது கடிதம். அந்தப் பணத்துக்கு வரவேண்டியதாக எழுதிவைத்த 376 கோடி வட்டியும் இல்லை. 1,230 கோடி ரூபாய் கடன் கணக்கில் ஏறவே இல்லை. வாடிக்கையாளர்கள் தரவேண்டிய பாக்கியில் 490 கோடி மிகைப்படுத்திக் காட்டப்பட்டது.

முந்தைய நாள் 179 ரூபாய் அளவில் முடிந்த பங்கு, அன்று மாலை 40 ரூபாய்க்கு வந்து நின்றது. ஓய்வூதியப் பணத்தைப் போட்டவர், மகள் கல்யாணத்துக்கென்று வாங்கி வைத்தவர், ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள் என எல்லோரும் டி.வி முன்னால் உறைந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள்.

தான் புலிமேல் ஏறிவிட்டதாகவும், கடிபடாமல் இறங்கும் வழி தெரியவில்லை என்றும் ராஜு அந்தக் கடிதத்தில் எழுதியிருந்தார். நம் ஊரில் இதைப் புலிவாலைப் பிடித்த கதை என்போம். பொய்க்கணக்கு எழுதியவர் ஒருவழியாக வாய்திறந்துவிட்டார். நாடு கேட்ட அடுத்த கேள்வி: ஆடிட்டர் என்ன செய்துகொண்டிருந்தார்?

மூன்று, இருபத்து நான்கு ஆன கதை

2008 செப்டம்பரில் முடிந்த காலாண்டில் சத்யம் காட்டிய வருமானம் 2,700 கோடி. உண்மையில் வந்தது 2,112 கோடி. காட்டிய செயல்பாட்டு லாபம் 649 கோடி. உண்மை 61 கோடி. அதாவது மூன்று சதவீத லாபம், இருபத்து நான்கு சதவீதமாக வெளியே போயிருக்கிறது. இருபத்து நான்கு என்பது அன்றைய பெரிய ஐ.டி நிறுவனங்கள் நடுவே யாரும் திரும்பிப் பார்க்கிற எண் அல்ல. பொய் அவ்வளவு சாதாரணமாக இருந்தது.

ஒரு பொய்க்கணக்கு எப்படி வளர்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். செய்யாத வேலைக்கு ஒரு இன்வாய்ஸ் போடுகிறார்கள். வருமானம் ஏறுகிறது, கூடவே ‘வரவேண்டிய பாக்கி’யும் ஏறுகிறது. பாக்கி ஆறு மாதம், ஒரு வருடம் என்று அப்படியே நின்றால் யாராவது கேட்பார்கள். ஆகவே பணம் வந்துவிட்டதாக எழுத வேண்டும். எழுதினால் வங்கி இருப்பு கூடுகிறது. கூடிய இருப்புக்கு வங்கியின் ஸ்டேட்மென்ட் வேண்டும், அதையும் தயாரிக்கிறார்கள். அவ்வளவு பணம் சும்மா கிடக்குமா? டெபாசிட் போட்டதாக எழுதுகிறார்கள். டெபாசிட்டுக்கு ரசீது, ரசீதுக்கு வட்டி. இப்படி ஒவ்வொரு பொய்யும் அடுத்த மேஜைக்கு நகர்ந்து, கடைசியில் எல்லாம் வங்கி இருப்பு என்ற ஒற்றை வரியில் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

சத்யத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட போலி இன்வாய்ஸ்கள் போடப்பட்டன என்று அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பு பின்னர் சொன்னது. ஆறாயிரம் இன்வாய்ஸில் எது பொய் என்று கண்டுபிடிப்பது கஷ்டம்தான். ஆனால் வங்கி இருப்பு? கணக்கியலில் அதைவிட எளிதாகச் சரிபார்க்கக்கூடியது வேறில்லை. நிலத்தின் மதிப்பைக் கணிக்க வேண்டும்; சரக்கை எண்ண வேண்டும்; வாராக்கடனை யோசிக்க வேண்டும். வங்கியில் பணம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, வங்கியைக் கேட்டால் போதும்.

கேட்டார்களா? அங்கேதான் விஷயம் இருக்கிறது.

ஒரு டம்ளர் காபியும் ஒரு கவரும்

எந்த ஊர் ஆடிட்டர் ஆபீஸிலும் பழகியவர்களுக்குத் தெரிந்த காட்சி இது. வருடக் கணக்கு முடிக்கிற நேரம். ஒரு கம்பெனியின் அக்கவுன்ட்ஸ் அறை மூலையில் ஆடிட் பார்ட்டிக்கு ஒரு மேஜை. ஆர்ட்டிகிள்ஷிப் செய்யும் மாணவி பச்சை மைப் பேனாவால் டிக் அடித்துக்கொண்டிருக்கிறார். மார்ச் 31 அன்று கணக்கில் எவ்வளவு இருந்தது என்று வங்கியிடம் கேட்டு எழுதும் கடிதங்கள் அவர் முன்னால் கிடக்கின்றன. காபி டம்ளரோடு வருகிறார் கம்பெனியின் அக்கவுன்டன்ட்.

“நீங்க எதுக்கும்மா போஸ்ட்ல போட்டு அலையணும்? மேனேஜர் நமக்குத் தெரிஞ்சவர்தான். எங்க பையன் நாளைக்கு பேங்குக்குப் போறான். அவன்கிட்ட குடுத்துடுங்க, சீல் போட்டு வாங்கிட்டு வந்துடுவான்.”

இதில் மிரட்டல் இல்லை, லஞ்சம் இல்லை. வேகாத வெயிலில் ஒரு மனிதர் செய்யும் உதவி. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது இடங்களில் அந்தப் பையன் நேராக வங்கிக்குப் போய், உண்மையான சீலோடுதான் திரும்பி வருவான். அந்த நூறாவது இடத்துக்காகத்தான் ஆடிட் என்ற தொழிலே இருக்கிறது.

வெளியாரிடம் உறுதிக் கடிதம் பெறுவது பற்றி ஆடிட் தரநிலை ஒன்று உண்டு, எண் 505. அதன் சாரம் இவ்வளவுதான்: யாரைக் கேட்பது என்பதை ஆடிட்டர் முடிவு செய்ய வேண்டும், கடிதத்தை அவரே அனுப்ப வேண்டும், பதில் நேராக அவர் கைக்கு வர வேண்டும். நடுவில் கம்பெனியின் கை படக்கூடாது.

சத்யம் விஷயத்தில் கம்பெனியின் கை பட்டது. அதன் ஆடிட்டர்களான பிரைஸ் வாட்டர்ஹவுஸின் இந்திய நிறுவனங்கள் வங்கி உறுதிக் கடிதங்களை அனுப்பும், பெறும் பொறுப்பைச் சத்யம் நிர்வாகத்திடமே விட்டுவிட்டன என்பதுதான் 2011 ஏப்ரலில் அமெரிக்க அமைப்பு வைத்த முக்கியமான குற்றச்சாட்டு. அந்த நிறுவனங்கள் அந்த அமைப்புக்கு 60 லட்சம் டாலரும், அங்குள்ள ஆடிட் கண்காணிப்பு வாரியத்துக்கு 15 லட்சம் டாலரும் அபராதம் கட்டின. யாரைச் சோதிக்கப் போனார்களோ, அவர்கள் கையிலேயே தபால் பெட்டியின் சாவி இருந்திருக்கிறது.

நூறு வருடத்துக்கும் மேல் பழைய தவறு

இது ஹைதராபாத்தில் கண்டுபிடித்த வித்தை என்று நினைத்துவிட வேண்டாம்.

1896-இல் இங்கிலாந்தில் கிங்ஸ்டன் பருத்தி ஆலை வழக்கு. ஆலை மேலாளர் நூல் இருப்பை ஆண்டுக்கணக்கில் கூட்டிக் காட்டி லாபத்தைப் பெருக்கியிருந்தார். இருப்பு எவ்வளவு என்பதற்கு அவரே கையெழுத்திட்டுச் சான்றிதழ் கொடுத்தார். ஆடிட்டர்கள் அதை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஆடிட்டர் காவல் நாய்தானே ஒழிய மோப்ப நாய் அல்ல என்று நீதிபதி லோப்ஸ் சொன்னார், ஆடிட்டர்கள் தப்பித்தார்கள். இன்றைக்கும் சி.ஏ படிக்கிற எந்த மாணவரும் இந்த வாசகத்தைத் தாண்டாமல் வர முடியாது. காவல் நாய்க்கும் மூக்கு உண்டு என்பதைத்தான் அந்தத் தொழில் பல காலம் வசதியாக மறந்திருந்தது.

1938-இல் அமெரிக்காவின் மெக்கெசன் அண்ட் ராபின்ஸ் மருந்து நிறுவனம். 8.7 கோடி டாலர் சொத்தில் சுமார் 1.9 கோடி டாலர் காற்று. கனடாவில் கிடங்குகளில் இருப்பதாகச் சொன்ன மருந்துச் சரக்கை ஆடிட்டர் யாரும் போய்ப் பார்க்கவில்லை. போய்ப் பார்க்க வேண்டும் என்ற விதியே அப்போது இல்லை. கண்ணால் சரக்கைப் பார், பாக்கிதாரரிடம் நேரில் கேள் என்ற விதிகள் அதற்குப் பிறகுதான் வந்தன. அங்கே ஆடிட்டர் யார் தெரியுமா? பிரைஸ் வாட்டர்ஹவுஸ்.

2003-இல் இத்தாலியின் பால் நிறுவனமான பார்மலாட், பேங்க் ஆஃப் அமெரிக்காவில் 395 கோடி யூரோ இருப்பதாக ஒரு கடிதத்தைக் காட்டியது. அந்தக் கடிதம் எங்களுடையது அல்ல என்றது வங்கி. 2020-இல் ஜெர்மனியின் வயர்கார்டு. பிலிப்பைன்ஸ் வங்கிகளில் இருப்பதாகச் சொன்ன 190 கோடி யூரோ அங்கே இல்லை. ஆடிட் செய்த இ.ஒய் நிறுவனம் அந்த ஆண்டு ஜூனில் கையெழுத்திட மறுத்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் போட்டிருந்தது.

ஆலை மாறியது, நாடு மாறியது, தந்தி போய் மின்னஞ்சல் வந்தது. மோசடிக்குத் தேவைப்பட்டது மட்டும் மாறவில்லை: கம்பெனி நீட்டிய காகிதத்தை, அது வந்த வழி எது என்று கேட்காமல் வாங்கிக்கொள்ளும் ஒரு கை. ஆடிட்டரின் தீர்மானம் என்று புத்தகங்கள் பக்கம் பக்கமாக எழுதுவதைச் சுருக்கினால் இந்தக் கேள்விதான் மிஞ்சும். காகிதம் என்ன சொல்கிறது என்பதற்கு முன்னால், அது யார் கையிலிருந்து வந்தது?

தங்க மயில் வந்த வீடு

ஆடிட்டர் தூங்கினால் எழுப்பத்தானே இயக்குநர் குழு? சத்யத்தின் குழுவில் இருந்தவர்கள் சாமானியர்கள் அல்லர். ஹார்வர்ட் பேராசிரியர் கிருஷ்ணா பலேபு, பென்டியம் சிப்போடு பெயர் சேர்ந்த வினோத் தாம், முன்னாள் அமைச்சரவைச் செயலர் டி.ஆர்.பிரசாத், ஹைதராபாத் ஐ.எஸ்.பி மேலாண்மைக் கல்லூரியின் டீன் ராம்மோகன் ராவ். ஆடிட் கமிட்டி இருந்தது. 2008 செப்டம்பரில் நல்ல நிர்வாகத்துக்கான ‘கோல்டன் பீகாக்’ விருதுகூட வந்தது. பின்னர் அது திரும்பப் பெறப்பட்டது.

அந்தக் குழுதான் 2008 டிசம்பர் 16 அன்று, ராஜு குடும்பத்தின் இரண்டு மேட்டாஸ் நிறுவனங்களை 160 கோடி டாலருக்கு வாங்க ஒப்புதல் தந்தது. சத்யம் என்ற பெயரை ஆங்கில எழுத்தில் திருப்பிப் படித்தால் மேட்டாஸ். ஐ.டி கம்பெனிக்கு ரியல் எஸ்டேட் எதற்கு என்று முதலீட்டாளர்கள் கொதித்தெழ, சில மணி நேரத்தில் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. இல்லாத பணத்தை இருக்கிற நிலத்தால் நிரப்பும் கடைசி முயற்சி அது என்று ராஜுவே தன் கடிதத்தில் ஒப்புக்கொண்டார். அது நடந்திருந்தால் இல்லாத பணம், நிலம் வாங்கச் செலவானதாக எழுதப்பட்டிருக்கும். பொய்க்கு அதோடு இறுதிச் சடங்கும் முடிந்திருக்கும்.

மேதைகள் உட்கார்ந்த மேஜையில் இது எப்படி நடந்தது? விதிப்படி ஆடிட்டரை நியமிப்பவர்கள் பங்குதாரர்கள். நடைமுறையில் பெயரைச் சொல்பவர் புரமோட்டர். சுதந்திர இயக்குநரின் பெயரைச் சொல்பவரும் அவரே. இருவருக்கும் முன்னால் வைக்கப்படும் ஃபைலைத் தயாரிப்பவர்களும் அவருடைய ஆட்கள். மேஜையைச் சுற்றி எத்தனை பேர் இருந்தாலும் தகவல் வரும் குழாய் ஒன்றுதான். காகிதம் யார் கையிலிருந்து வந்தது என்ற கேள்வி ஆடிட் அறையோடு முடிவதில்லை. போர்டு ரூமுக்கும் அதே கேள்விதான்.

ஜனவரி 11-ஆம் தேதி மத்திய அரசு தன் இயக்குநர்களை அமர்த்தியது. தீபக் பரேக், கிரண் கார்னிக், சி.அச்சுதன் முதலில் வந்தார்கள். அடுத்து சேர்ந்தவர்களில் ஒருவர், இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் முன்னாள் தலைவர், சென்னையைச் சேர்ந்த டி.என்.மனோகரன். சம்பளத்துக்குப் பணம் தேடி, வாடிக்கையாளர்களைப் பிடித்துவைத்து, ஏப்ரலில் நிறுவனத்தை டெக் மஹிந்திரா கையில் ஒப்படைத்தது அந்தக் குழு. பேரைக் கெடுத்துக்கொண்டதும் ஆடிட்டர் தொழில். கப்பலைக் கரைசேர்த்தவர்களில் ஒருவரும் ஆடிட்டர் என்பதை இந்தக் கதையில் மறக்கக்கூடாது.

வேலி போட்டார்கள்... கதவு?

சத்யத்தின் சூட்டில் பிறந்ததுதான் 2013 கம்பெனிகள் சட்டத்தின் பல பிரிவுகள். பட்டியலிட்ட நிறுவனங்களில் ஓர் ஆடிட் நிறுவனம் தொடர்ந்து பத்து ஆண்டுகளுக்கு மேல் இருக்க முடியாது. தனி ஆடிட்டருக்கு ஐந்து ஆண்டு. ஆடிட் செய்யும் கம்பெனிக்கே கணக்கு எழுதித் தருவது, மேலாண்மைப் பணி செய்வது போன்றவற்றுக்குத் தடை. ஒரு கோடி ரூபாயும் அதற்கு மேலும் உள்ள மோசடி கண்ணில் பட்டால் மத்திய அரசுக்கே தெரிவிக்க வேண்டும். ஆடிட்டர்களைக் கேள்வி கேட்க என்.எஃப்.ஆர்.ஏ என்ற தேசிய நிதி அறிக்கை ஆணையம். சட்டம் 2013-இல் வந்தது. ஆணையம் அமைந்தது 2018 அக்டோபரில். நடுவில் பஞ்சாப் நேஷனல் வங்கி மோசடி வெடிக்க வேண்டியிருந்தது.

தண்டனைக் கதையும் அப்படித்தான் ஊர்ந்தது. 2015 ஏப்ரலில் ஹைதராபாத் சிறப்பு நீதிமன்றம் ராஜுவோடு சேர்த்து 10 பேரைக் குற்றவாளிகள் என்றது. ஆடிட் நிறுவனத்தின் முன்னாள் பார்ட்னர்கள் இருவரும் அதில் அடக்கம். ஏழு ஆண்டுச் சிறை. அடுத்த மாதமே மேல்முறையீட்டில் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டு ஜாமீன் கிடைத்தது. பிரைஸ் வாட்டர்ஹவுஸ் குழும நிறுவனங்கள் பட்டியலிட்ட கம்பெனிகளை இரண்டு ஆண்டு ஆடிட் செய்யக்கூடாது என்று செபி 2018 ஜனவரியில் தடை போட்டது. ஆடிட்டரின் வேலைத் தரத்தை விசாரிக்கும் அதிகாரம் செபிக்கு இல்லை என்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2019-இல் அந்தத் தடையை நீக்கியது. குற்றம் வெளிவந்து பத்து வருடம் கழித்து, கேட்கும் உரிமை யாருக்கு என்று வாதாடிக்கொண்டிருந்தோம்.

இந்த இடைவெளியில் ஒரு புதுப் பழக்கம் தலைதூக்கியது. கணக்கில் ஏதோ நாறுகிறது என்று பட்டால் கையெழுத்துப் போடுவதில்லை, போராடுவதும் இல்லை. ராஜினாமா செய்துவிட்டுக் கிளம்பிவிடுவது. 2018-இல் பல நிறுவனங்களில் ஆடிட்டர்கள் பாதியில் விலகினார்கள். சிறு முதலீட்டாளருக்கு அது எப்படித் தெரியும்? பங்கு விலை சரிந்த பிறகுதான் தெரியும். 2019-இல் செபி, விலகும் முன் அந்தந்தக் காலாண்டுக் கணக்குக்கு அறிக்கை தந்துவிட்டுப் போகச் சொன்னது. ராஜினாமா செய்ததால் நடவடிக்கை முடிந்துபோகாது என்று 2023 மே மாதம், 2018-இல் கடனில் விழுந்த நிதிக் குழுமமான ஐ.எல்.&எஃப்.எஸ் ஆடிட்டர்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மோசடியைத் தெரிவிக்கும் கடமையிலிருந்து ராஜினாமா விடுவிக்காது என்று அடுத்த மாதமே என்.எஃப்.ஆர்.ஏ சுற்றறிக்கை விட்டது. திருட்டைப் பார்த்த காவல்காரர் விசில் அடிக்காமல் வேலையை விட்டுப் போவதற்கு இனி நாகரிகமான பெயர் கிடையாது.

கறுப்பு வெள்ளைக்கு நடுவே

எல்லா ஆடிட்டும் போலி டெபாசிட் ரசீதைப் பிடிக்கிற வேலை இல்லை. பெரும்பாலான நாள்களில் கேள்வி மங்கலாகத்தான் வரும். இந்தக் கடன் திரும்ப வருமா? பாதி முடிந்த பாலத்துக்கு எத்தனை சதவீத வருமானம் எழுதலாம்? அதிக விலை கொடுத்து வாங்கிய துணை நிறுவனத்தின் மதிப்பு இன்னும் அப்படியே இருக்கிறதா? இதற்கெல்லாம் ஒரே விடை கிடையாது. ஒரு எல்லைக்குள் எந்த எண்ணும் சரியாக இருக்கலாம். நிர்வாகம் எப்போதும் அந்த எல்லையின் லாபமான ஓரத்தில்தான் போய் நிற்கும்.

2018-இல் 90,000 கோடி ரூபாய்க்கு மேல் கடனோடு ஐ.எல்.&எஃப்.எஸ் விழுந்தது இந்த மங்கலான இடத்தில்தான். கடனைக் கட்ட முடியாதவரின் சகோதர நிறுவனத்துக்குப் புதுக் கடன் கொடுத்து, அதை வைத்துப் பழைய கடனை அடைத்ததாகக் காட்டினார்கள் என்பது விசாரணை அமைப்பின் குற்றச்சாட்டு. ரசீது எல்லாம் அசல். பணமும் நிஜமாகவே கைமாறியது. அர்த்தம் மட்டும் பொய். அந்தக் குழுமத்தின் நிதி நிறுவனத்துக்கு 2017-18-இல் ஆடிட் செய்த ஆடிட் நிறுவனப் பார்ட்னருக்கு என்.எஃப்.ஆர்.ஏ 2020-இல் 25 லட்சம் ரூபாய் அபராதமும் ஏழு ஆண்டுத் தடையும் விதித்தது.

இத்தகைய இடத்தில் தரநிலை எண் கைகொடுக்காது. ஆடிட்டர் நிமிர்ந்து உட்கார்ந்து, “சார், இதுல எனக்கு உடன்பாடு இல்லை” என்று சொல்ல வேண்டும். எதிரே இருப்பவர் ஃபீஸ் தருபவர். அடுத்த வருடம் இந்த வேலை இருக்குமா என்பது அவர் கையில். உள்ளூரில் சின்ன ஆபீஸ் வைத்திருப்பவருக்கு அந்த ஒரு கிளையன்ட் போனால் நாலு பேருக்குச் சம்பளம் போகும். நெறிமுறை வகுப்பில் சொல்லித் தருவது சுலபம். இந்த நாற்காலியில் உட்கார்ந்து கடைப்பிடிப்பதுதான் கஷ்டம். ஆடிட்டரின் ஃபீஸும் நியமனமும் யார் கையில் இருக்க வேண்டும் என்பதற்கு நம் சட்டம் இன்னும் முழு விடை தரவில்லை. பத்து வருடச் சுழற்சி பாதி விடை. ஆடிட் கமிட்டியின் பரிந்துரை கால் விடை. மீதிக் கால், புரமோட்டர் முகம் பார்க்காத இயக்குநர்களைச் சிறு பங்குதாரர்கள் தேர்ந்தெடுக்கும் நாளில்தான் வரும்.

ஆண்டறிக்கை வந்தால்...

அதுவரை நாம் செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. ஆண்டறிக்கையில் தலைவர் கோட் போட்டுச் சிரிக்கும் பக்கத்தைத் தள்ளிவிட்டு, ஆடிட்டர் அறிக்கைக்கு நேராகப் போங்கள்.

* ஆடிட்டரின் கருத்தில் ‘இதைத் தவிர’ என்ற நிபந்தனை இருக்கிறதா? ‘முக்கிய ஆடிட் விஷயங்கள்’ என்ற தலைப்பில் அவர் எதைக் கண்டு கவலைப்பட்டார்?
* முந்தைய ஆடிட்டர் பாதியில் விலகினாரா? 2021-22 முதல், விலகியவர் எழுப்பிய பிரச்னைகளைப் பார்த்தாரா என்று புது ஆடிட்டர் இணைப்பில் சொல்லியாக வேண்டும்.
* வங்கி இருப்பையும் வட்டி வருமானத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஆயிரம் கோடி டெபாசிட்டுக்கு ஏழு சதவீதம் என்றால் எழுபது கோடி வட்டி வரவேண்டும். இருபது கோடிதான் இருக்கிறது என்றால் கேளுங்கள். வட்டியையும் பொய்யாக எழுத முடியும் என்பதைச் சத்யம் காட்டியது; ஆனாலும் பொய்யர்கள் எல்லோரும் அவ்வளவு பொறுமைசாலிகள் அல்லர்.
* புரமோட்டர் பங்குகள் எவ்வளவு அடமானத்தில் இருக்கின்றன? அவருடைய குடும்ப நிறுவனங்களோடு எவ்வளவு கொடுக்கல் வாங்கல்?

பதில் திருப்தியாக இல்லையென்றால் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆடிட்டரும் உட்கார்ந்திருப்பார். பத்துப் பங்கு வைத்திருப்பவருக்கும் எழுந்து கேட்கும் உரிமை உண்டு. வேறெதுவும் தோன்றவில்லை என்றால் ஒரே ஒரு கேள்வி போதும்: “வங்கிக் கடிதம் நேரா உங்க கைக்கு வந்துச்சா சார்?”